முறைப்பவர் ஊற்று

அக்-எஷ்மே,
8 செப்டம்பர் 2008

மச்சாண்டாருக்கு,

சலாம். நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உங்கள் ஆட்கள் நேற்று வந்து ஊற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டுப் போனார்கள். சுற்றுலாக்காரர்களுக்குக் கூடாரம் போடப் போகிறீர்களாம். கீழ்த்தெருவின் நாற்பது வீடுகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. கேட்கப் போன என்னிடம், "இது எங்க மொதலாளியோட தாத்தா ஊத்து. நீ யாரு கேக்க?" என்கிறான் ஒருவன். உங்கள் தம்பி உயிரோடு இருந்திருந்தால் அவன் இப்படிப் பேசியிருப்பானா?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட, ஆவணக் காப்பகத்திலிருந்து நம் ஊரின் பழைய வரைபடங்களை வரவழைத்திருக்கிறேன். 1949ஆம் வருடப் படத்தில் இன்றைய பேருந்து நிலையம் குதிரைச் சந்தையாக இருக்கிறது. மருந்துக்கடை இருக்கும் இடத்தில் மாவு ஆலை. ஊற்றின் பெயர் 'முறைப்பவர் ஊற்று'. உங்கள் தாத்தாவின் பெயர் எங்கேயும் இல்லை. அக்டோபர் நான்காம் தேதி ஊர்க்கூட்டத்தில் இந்தப் படத்தை விரிக்கப் போகிறேன்.

உங்கள் தம்பி மனைவி,
புருல்சா

*

பிஷ்கெக்,
15 செப்டம்பர்

புருல்சாவுக்கு,

பூகோளம் சொல்லிக்கொடுக்கிறாய், புகுந்த வீட்டைத் தெரியவில்லை. படம் வரைய வந்தவன் யாரிடம் பெயர் கேட்டிருப்பான்? ஆண்கள் எல்லோரும் மலைமேல் ஆட்டோடு இருந்தார்கள். ஊற்றடியில் நின்றது புதுமணப் பெண்ணான என் அம்மா. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? நீயே என் பெயரைச் சொன்னதில்லையே! தாத்தா எந்நேரமும் முறைத்துக்கொண்டே இருப்பார். அதனால் அம்மா 'முறைப்பவர்' என்றாள். அவனும் அப்படியே எழுதிக்கொண்டு போனான்.

முறைப்பவர் என்றால் சரிம்சாக், என் தாத்தா. ஆதாரத்தைத் தேடித் தந்ததற்கு நன்றி. படத்தின் நகலை நானும் கூட்டத்துக்கு அனுப்புகிறேன். நீ வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்று, போதும்.

மம்பெட்காசி

*

அக்-எஷ்மே,
22 செப்டம்பர்

மச்சாண்டாருக்கு,

நீங்கள் சொன்னது சரிதான். நான் அவசரப்பட்டுவிட்டேன். மாமியார் இதை என்னிடமும் சொல்லியிருக்கிறார். "வேற என்னத்தடி சொல்ல? அந்த மனுசன் மூஞ்சி அப்படித்தான்" என்று சிரிப்பார். ஆனால் அவர் சொன்னதில் பாதியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். "அந்த ஆளுங்க தண்ணிக்கு வந்துருவாங்களோன்னு பாத்துப் பாத்தே மொறச்ச மூஞ்சியாப் போச்சுடி" என்பார். எந்த ஆட்கள் என்று கேட்டால் அடுப்பை ஊதப் போய்விடுவார்.

அதனால் இன்னும் பழைய படத்தைக் கேட்டு வாங்கினேன். 1913ஆம் வருடத்தது. அதே ஊற்று, தண்ணீர் ஓடும் அதே வளைவு. பெயர் 'கெல்திபெக் ஊற்று'. சுற்றிலும் பதினொரு பனிக்கால வீடுகளுக்குப் புள்ளி வைத்திருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து, ஜார் படைக்குப் பயந்து சீனப் பக்கம் ஓடியவர்களில் கெல்திபெக்கின் ஆட்களும் இருந்தார்கள். பாதிப்பேர் கணவாயிலேயே செத்தார்கள். மிச்சப்பேர் திரும்பி வந்தபோது ஊற்றடியில் உங்கள் தாத்தா சாட்டையோடு நின்றாராம், கீழ்த்தெருக் கிழவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பள்ளத்தில் போய்க் குடியேறினார்கள். அதுதான் கீழ்த்தெரு. இப்போது நீங்கள் கம்பிவேலி போட்டது அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் குறுக்கே.

வேலியை எடுத்துவிடுங்கள். இந்தப் படத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். குடும்ப மானம் எனக்கும் உண்டு.

புருல்சா

*

பிஷ்கெக்,
27 செப்டம்பர்

புருல்சா,

மிரட்டிப் பார்க்கிறாயா? நீ இருக்கும் வீடு என் பெயரில் இருக்கிறது. தம்பி போன பிறகும் உன்னை வெளியே அனுப்பாதது என் தயவு. ஊற்றைப் பறித்ததாக நீ சொல்லும் முறைப்பவர் யாரென்று கூட்டத்தில் உன்னைத்தான் கேட்பார்கள். பெரியவர் பெயரைச் சபையில் உன் வாயால் சொன்னால் அன்றைக்கே நீ எங்கள் வீட்டு மருமகள் இல்லை. முதல் பனி விழ இன்னும் அதிக நாள் இல்லை. எங்கே படுப்பாய் என்று யோசித்துக்கொள்.

மம்பெட்காசி

*

அக்-எஷ்மே,
6 அக்டோபர்

மம்பெட்காசிக்கு,

கூட்டம் முடிந்தது. இரண்டு படங்களையும் மேசையில் விரித்து, கெல்திபெக்கின் ஆட்களிடமிருந்து முறைப்பவர் பறித்த ஊற்று இது என்றேன். "முறைப்பவர்னா யாரும்மா? பேரச் சொன்னாத்தான் எழுத முடியும்" என்றார் தலைவர். மூன்று முறை வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம். பின்வரிசையில் இருந்த உங்கள் சித்தப்பா மகன், "அவ எங்க சொல்லுவா? எங்க வீட்டுப் பொம்பள!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஆத்திரம் வந்தது.

"சரிம்சாக்" என்றேன். "கெல்திபெக் ஊற்றைப் பறித்த சரிம்சாக்" என்றேன். கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் வேலி இருக்கலாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். உங்கள் பக்கம் ஒன்பது கைகள்தான்.

வேலியை நேற்றே பிடுங்கிவிட்டார்கள். நானும் போய்ப் பிடுங்கினேன். உள்ளங்கை கிழிந்துவிட்டது.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. உங்கள் தம்பியின் ஆட்டுத்தோல் கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டேன், அது உங்கள் வீட்டுப் பொருள். அதை விட்டு வரும்போது மட்டும் அழுதேன். கீழ்த்தெருவில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீரை இனி நானும் மேடேறிப் போய்த்தான் சுமந்து வர வேண்டும்.

எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

எசெனின் மகள்,
புருல்சா