ஜாக்கெட் போடாத வேஷம்

இந்த வருஷத்து சபைக் காலண்டர் நேற்றுதான் வந்தது. சுருட்டியிருந்த ரப்பர் பாண்டைக் கழற்றியதும் அச்சு மை வாசனை கூடம் முழுக்க அடித்தது. விரித்துப் பார்த்தேன், சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் கோபமும் வந்துவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் வேதக்கோயில் ஆபீஸ் அறையில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? நடுவில் நாற்காலியில் வெள்ளைக்கார மிஷனரி துரைசானியம்மா, கீழே தரையில் நம் ஊர்ப் பெண்கள். முதல் வரிசையின் ஓரத்தில், சேலையைத் தோளைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, ஜாக்கெட் இல்லாமல், கேமராவை முறைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். "எப்பிடி மொறைக்கிறா பாரேன், நம்ம சங்கத்து மீட்டிங்குக்கு வந்தவ மாதிரி" என்று நீ சொல்வாயே, அவள்தான். அந்தப் போட்டோவுக்குக் கலர் போட்டுக் காலண்டரில் அச்சடித்திருக்கிறார்கள். அவளுக்கு இப்போது நீல நிறத்தில், புசுபுசுவென்று கை வைத்த ஜாக்கெட்!

சபைக் கமிட்டிச் செயலாளருக்குப் போன் போட்டேன். "அக்கா, நாங்க ஒண்ணுமே பண்லீங்க. கம்ப்யூட்டர்ல கலர் மட்டும்தான் போடச் சொன்னோம். ஜாக்கெட்ட அதுவே போட்டுடுச்சிங்க" என்றார். "பாக்க டீசன்டாதானேங்க இருக்குது?" என்று வேறு கேட்டார். கம்ப்யூட்டருக்கே வெட்கம் வந்துவிட்டதடி! நான் போனை வைத்துவிட்டேன்.

ஊருக்கே ஜாக்கெட் தைத்தவள் நீ. பட்டுச் சேலை எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள் எடுத்த கையோடு உன் கடைக்குத்தான் வருவார்கள். பெரணமல்லூரிலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் கல்யாணப் பெண்கள் அம்மாவோடு வந்து நிற்பார்கள். "முதுகு நல்லா மேல வரைக்கும் மூடி இருக்கணும்மா" என்று அம்மா சத்தமாகச் சொல்வாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பெண் உன் காதில் வேறு அளவு சொல்வாள். நீ இரண்டு பேருக்கும் தலையாட்டுவாய். முதுகுக் கழுத்தை இறக்கி வெட்டி, அதன்மேல் ஒரு துண்டுத் துணியை லேசாக ஓட்டுத் தையல் போட்டுக் கொடுப்பாய். அம்மா பார்க்கும்போது மூடியிருக்கும். தாலி ஏறியபிறகு பெண் நூலை இழுத்துவிட்டால் போதும். இதென்ன பித்தலாட்டம் என்று நான் கேட்டதற்கு, "ரெண்டு பேரும் மானத்தோடதான் இருக்கணும்னு பாக்கிறாங்க. ஒருத்திக்கு அது மேல இருக்குது, ஒருத்திக்குக் கொஞ்சம் கீழ இருக்குது. நமக்கு இன்னா, ரெண்டையும் தைப்போம்" என்றாய்.

அப்படிப்பட்ட நீ ஜாக்கெட் போட மாட்டேன் என்று நின்றாயே, அதைத்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சபையின் ஆண்டு விழாவுக்குப் பெண்கள் சங்கம் நாடகம் போடவேண்டும் என்றார்கள். கமிட்டியில் இருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் எழுதிக் கொடுத்தார். ஜாக்கெட் இல்லாமல் கோயில் வாசலுக்கு வருகிறாள் ஒரு நெசவுக்காரப் பெண். துரைசானியம்மா அவளுக்கு வெள்ளை ஜாக்கெட் கொடுக்கிறார். போட்டுக்கொண்டதும் உள்ளே அழைத்துப் போகிறார். அப்போது அவள் கைகூப்பி, "தாயே, இன்றுதான் எனக்கு மானம் வந்தது" என்று சொல்லவேண்டும். சங்கத்தில் நான்தான் கொஞ்சம் வெளுப்பு என்பதால் துரைசானி வேஷம் என் தலையில் விழுந்தது. நெசவுக்காரி நீ.

எனக்குத் திரைச்சீலைத் துணியில் கவுன் தைத்தாய். கழுத்து வரைக்கும் பட்டன், மணிக்கட்டு வரைக்கும் கை, தரையைக் கூட்டும் நீளம். ஆரணி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நான் இட்லிப் பானைக்குள் இருப்பதுபோல வெந்துகொண்டிருந்தேன். கொஞ்சம் மேலே தூக்கித் தையேன் என்றால் விடமாட்டேன் என்றாய். "அவங்க ஊர்ல அந்தக் காலத்துல கணுக்கால் தெரிஞ்சா மானம் போயிடுமாம். அவங்க மானத்தக் காலுல வெச்சிக்கினாங்க. வந்த எடத்துல நமக்குத் தோள்ல வெச்சிட்டுப் போயிட்டாங்க" என்று ஊசியை வாயில் கடித்தபடி சொன்னாய்.

அந்த மானம் வந்த வசனத்தை நீ முதல் தடவை படித்த நாள் கடையில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். படித்துவிட்டுத் தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாய். "அப்போ அதுக்கு முன்னாடி மானம் இல்லாமயா இருந்தா?" என்றாய். விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் இல்லையென்று தெரிந்தது.

அன்றைக்குத்தான் உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாய். திருமலைப் பக்கத்துக் கிராமத்தில் நாற்று நட்டவர். ஜாக்கெட் என்பதையே போட்டதில்லை. பின்கொசுவம் வைத்து, முந்தானையால் இரண்டு தோளையும் சுற்றி இடுப்பில் செருகினால் வேலை முடியும்வரை அது அசையாது. உன் கல்யாணம் ஆரணியில் நடந்தபோது, கோயிலுக்குள் இப்படி வரக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் யாருடைய ஜாக்கெட்டையோ இரவல் வாங்கி அவருக்கு மாட்டிவிட்டார்கள். அது கையை இறுக்கிக் கடித்தது. அக்குளில் கிழிந்தும் போனது. "கிழிஞ்சது தெரியக்கூடாதுன்னு கைய ஒடம்போட ஒட்டி வெச்சிக்கினே உக்காந்திருந்தா. எல்லாரும் என் தலைல கை வெச்சி ஆசீர்வாதம் பண்ணாங்க. எங்கம்மா பண்ணல. கையத் தூக்க முடியல அவளுக்கு" என்றாய். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "ஊரு நடுவுல அப்பிடியே கட்டிக்கினு திரிஞ்சவ. வெக்கம்னா இன்னான்னு தெரியாது. ஜாக்கெட்டப் போட்டப்புறம்தான்டி எங்கம்மாவுக்கு வெக்கமே வந்துச்சி" என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு உன் அம்மாவின் அந்தச் சேலைக்கட்டை எனக்குக் கட்டிக் காட்டினாய். பழைய எட்டு கெஜப் பருத்திச் சேலை. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனால் கட்டி முடித்ததும் பார்க்கிறேன், முதுகில் ஒரு விரல் அகலம் தெரியவில்லை. நான் தினமும் ஸ்கூலுக்குக் கட்டிப்போகிற சேலையில் இடுப்பும் முதுகும் இதைவிட அதிகம் தெரியும். குனிந்தேன், நிமிர்ந்தேன், எங்கேயும் நழுவவில்லை. நீயும் அதேபோலக் கட்டிக்கொண்டு நின்றாய். அந்த நேரம் பார்த்து வெளியே எவளோ ஷட்டரைத் தட்டினாள். "அக்கா, ஜாக்கெட் ரெடியா?" நீ உள்ளேயிருந்து, "இங்க யாருக்குமே ஜாக்கெட் இல்லம்மா, நாளைக்கி வா" என்றாய். வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இப்போதும் எழுதும்போது சிரிப்பு வருகிறது, பாழாய்ப்போனவளே.

நெசவுக்காரி அந்தக் கட்டோடுதான் மேடைக்கு வருவாள் என்று கேட்டாய், கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை. ரொம்பப் பேசியபிறகு, தோல் நிறத்தில் ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள். தைத்தாய். ஒத்திகையில் அதைப் போட்டுக்கொண்டு நீ மேடைக்கு வந்ததும் முன் பெஞ்சில் இருந்த பெண்கள் "ஐயோ, ஏசப்பா" என்று முகத்தை மூடிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுமே போடாததுபோல இருந்தது. "துணி போட்டா அம்மணமாத் தெரியுதாம், போடலன்னா மூடிக்கினு இருக்குதாம். இதுக்கு இன்னா பண்றது சொல்லுங்க" என்று மேடையில் நின்றே கேட்டாய். முதல் காட்சியிலிருந்தே வெள்ளை ஜாக்கெட் என்று தீர்ப்பாகிவிட்டது. போட்டிருப்பவளுக்கே நான் இன்னொன்று கொடுக்கவேண்டுமாம்!

இதற்கு நடுவில் ஜெசியின் கல்யாணப் பேச்சு. உன் ஒரே மகள். வேலூர்ப் பக்கத்து நல்ல குடும்பம், பையனையும் அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் அம்மா ரொம்பக் கண்டிப்பு, கழுத்துவரை ஜாக்கெட், முக்காடு எடுக்காத தலை. விழாவுக்கு வந்துவிட்டு மறுநாள் நிச்சயத்துக்கு நாள் குறிப்பதாகச் சொல்லியிருந்தார். மேடைக்குப் பின்னால் நீ அந்த எட்டு கெஜத்தை எடுத்தபோது நான் குறுக்கே வந்து நின்றேன். "பொண்ணு கல்யாணம்டி. பேஜார் பண்ணிக்காத" என்றேன். "முந்தானையப் பிடி. ஜல்தி" என்றாய். பிடித்தேன். இறுக்கிச் செருகியும் விட்டேன்.

நீ அந்தக் கட்டோடு மேடைக்கு வந்தாய். நான் கவுனுக்குள் வேர்த்துக்கொண்டு, ஜாக்கெட்டை நீட்டி, என் வசனத்தைச் சொன்னேன். நீ அதை வாங்கினாய். மடித்துக் கையில் வைத்துக்கொண்டாய். "குளிருக்கு நல்லா இருக்கும்மா, வாங்கிக்கிறேன். மானம் எங்கிட்ட முன்னாடியே இருக்குதுங்க" என்றாய்.

எனக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று. ஹெட்மாஸ்டர் ஓரத்திலிருந்து கையை ஆட்டுகிறார். நான் உன்னைப் பார்த்தேன். "சரி, உள்ள வாம்மா" என்றேன். நீ உள்ளே வந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஜெபம் பண்ணினாய். சேலை இம்மிகூட நகரவில்லை. பின்னால் யாரோ கை தட்டினார்கள், யாரோ எழுந்து போனார்கள். ஜெசி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போய்விட்டார்.

நாள் குறிக்கவில்லை. கமிட்டி நம் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கத்தியது, அதையெல்லாம் நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெசிதான் ஒரே கேள்வியில் உன்னைக் கொன்றுவிட்டாள். "உங்கம்மாவுக்காக நாடகம் போட்ட. எனக்காக இன்னா பண்ண?" என்று என் எதிரில்தான் கேட்டாள். வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கும் நீ அன்றைக்குத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டாய். அவள் சென்னைக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே ஒருவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். பண்டிகைக்கு வருவாள், சாப்பிடுவாள், போய்விடுவாள். தன் கல்யாண ஜாக்கெட்டை அவள் சென்னையில் தைக்கக் கொடுத்தது உனக்கு எப்படி வலித்தது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை, காஜா எடுத்துக்கொண்டே தலை நிமிராமல், "தப்பு பண்ணிட்டேனாடி?" என்று கேட்டாய். டீ ஆறுகிறது, குடி என்றேன்.

நீ போன அன்று ஜெசி வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. குளிப்பாட்டி உடுத்த நாங்கள் பெண்கள் மட்டும் அறைக்குள் இருந்தோம். நீயே உனக்குத் தைத்துக்கொண்ட வெள்ளை ஜாக்கெட்டை எடுத்து வைத்திருந்தார்கள். உன் கை விறைத்துப்போய் உள்ளே நுழையவில்லை. வழக்கமாகச் செய்வதுதான், முதுகில் வெட்டி முன்பக்கமாக மாட்டிவிடலாம் என்று பாஸ்டரம்மா கத்தரியை எடுத்தார்.

"கத்தரி போடாதீங்க" என்றாள் ஜெசி. "அம்மா தெச்சதுல கத்தரி போட உடமாட்டேன்."

"அப்போ ஜாக்கெட் இல்லாமயாம்மா? ஊரே வந்து பாக்குமே" என்றார் பாஸ்டரம்மா.

ஜெசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, அன்னிக்கி மேடைக்குக் கட்டி உட்டீங்களே, அந்தக் கட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

அவள் உன்னைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் கொசுவம் வைத்தேன். என் கை அதை மறக்கவில்லை. முந்தானையை இரண்டு தோளுக்கும் சுற்றி இடுப்பில் செருகினோம். பெட்டியில் வைத்தபிறகு வந்து பார்த்தவர்களில் ஒருத்தி, ஜாக்கெட் போடவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள். ஜெசி எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னாள்: "எங்கம்மா நல்லா மூடிக்கினுதாங்க இருக்காங்க. அவங்க ஒரு தப்பும் பண்லீங்க. நீங்க உக்காருங்க."

நீ என்னிடம் கேட்டதற்கு உன் மகள் பதில் சொல்லிவிட்டாள். அந்தக் கூடத்தில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டார்கள், நீ ஒருத்திதான் கேட்கவில்லை. அதை உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் இத்தனை நாளாக வைத்துக்கொண்டிருந்தேன்.