குண்டுமல்லிக் கவாத்து

ஜீவனஹள்ளி, பெங்களூர்
3-1-1996

ருக்மிணிக்கு,

நலம். அங்கே நீயும் உன் தம்பி வீட்டாரும் நலமா இருப்பீங்க. நீ கோவிச்சுக்கிட்டுப் போய் ஒரு மாசம் ஆச்சு. நான் நல்லாத்தான் சமைச்சுச் சாப்பிடுறேன்.

பொங்கல் நெருங்குது. குண்டுமல்லி எட்டுச் செடியும் கவாத்து பண்ணணுமே, அது எப்படின்னு மட்டும் எழுது. ஃபேக்டரியில முப்பது வருஷம் இரும்பையே அறுத்தவனுக்குச் செடியை வெட்டத் தெரியாதா? அளவு சொன்னா போதும்.

இப்படிக்கு,
தனக்கோடி

கிருஷ்ணகிரி
8-1-1996

மதிப்புக்குரிய வீட்டுக்காரருக்கு,

ஒரு மாசம் கழிச்சு எழுதுறீங்க, அதுவும் செடிக்காக! நான் தோட்டத்துல எருக்குழி தோண்டினதுக்கு உங்க அக்கா பாஞ்சாலி முன்னாடி, 'இஷ்டத்துக்குத் தோண்டுறியே, இது என்ன உங்கப்பன் வீட்டு மண்ணா?'ன்னு கேட்டீங்களே, அதைப் பத்தி ஒரு வரி இல்லை. எனக்கு இன்னும் வயிறு எரியுது.

செடி என்ன பாவம் பண்ணுச்சு? எழுதிக்கோங்க. பத்து நாள் சொட்டுத் தண்ணி விடாதீங்க. இலை வாடினதும் முழங்கால் உயரம் விட்டு மேலே எல்லாத்தையும் வெட்டுங்க. உங்க முழங்கால் இல்லை, என் முழங்கால். வெட்டின முனையில சாணி தடவுங்க. ஒரு வாரம் கழிச்சு மண்ணைக் கொத்தி, தொழு உரம் போட்டுத் தண்ணி விடுங்க. பாவம் பார்த்தா பங்குனியில பூ பார்க்க முடியாது.

ருக்மிணி

ஜீவனஹள்ளி
1-2-1996

அன்புள்ள ருக்கு,

சொன்னபடியே பண்ணினேன். உன் முழங்கால் பதினெட்டு அங்குலம்னு கணக்குப் போட்டு, ஸ்கேல் வெச்சு எட்டுச் செடியையும் ஒரே மட்டமா வெட்டினேன். பக்கத்து வீட்டு கோவிந்தப்பா எட்டிப் பார்த்து, 'ஏனு சார், மிலிட்டரி கட்டிங்கா?'ன்னு சிரிச்சான்.

அந்த வேகத்துல வாசல் கேட்டு மேலே படர்ந்த நித்யமல்லிக் கொடியையும் அதே பதினெட்டு அங்குலத்துல அறுத்துட்டேன். கீழே விழுந்தப்புறம்தான், நீ பத்து வருஷமா வளர்த்ததாச்சேன்னு உறைச்சுது. கேட்டு மொட்டையா நிக்குது. அன்னிக்குச் சோறு இறங்கலை.

ருக்கு, நான் பேசினது தப்பு. அக்கா முன்னாடி பேசினது அதைவிடத் தப்பு. போன ஞாயித்துக்கிழமை அக்கா வந்து, 'போனா போகுது, வெறும் குப்பை'ன்னுச்சு. 'அது ருக்மிணி வெச்ச கொடி, அவ தோட்டம். வாயை மூடுக்கா'ன்னுட்டேன். காபிகூடக் குடிக்காம போயிடுச்சு.

கொடி பிழைக்குமா? நீ வருவியா?

உன்
தனக்கோடி

கிருஷ்ணகிரி
6-2-1996

அன்புள்ள உங்களுக்கு,

அட கடவுளே! நித்யமல்லியைப் போய் யாராவது முழங்கால் உயரத்துக்கு வெட்டுவாங்களா? நேத்து முழுக்க உங்களைத் திட்டித் தீர்த்தேன். தம்பி பொண்டாட்டி காதைப் பொத்திக்கிட்டா.

பிழைக்கும். பத்து வருஷ வேரு, அவ்வளவு லேசுல போகாது. நீங்க மட்டும் கிட்டே போகாதீங்க. அந்த ஸ்கேலைப் பரண்மேல போடுங்க.

அக்காகிட்ட நீங்க சொன்னதை நாலு தடவை படிச்சேன். மனசு ஆறிடுச்சு. ஆனாலும் பெரியவங்களை வாயை மூடுன்னு சொல்லலாமா? நான் வந்து காபி போட்டுக் கொடுத்துக்கிறேன்.

வர்ற ஞாயிறு பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. என்னால தனியா தூக்க முடியாது. எங்கப்பா நிலத்துச் செம்மண் ஒரு மூட்டை கட்டி வெச்சிருக்கேன், கொடி அடியில கொட்ட. இனிமே யார் கேட்டாலும், ஆமா, எங்கப்பன் வீட்டு மண்ணுதான்னு சொல்லுவேன்.

உங்கள்
ருக்கு