வெண்ணெய் இல்லாமல் ஒரு பேச்சு

மார்ச் 3, செவ்வாய்

செருப்பு வார் அறுந்துவிட்டது. மாலை நடையைப் பாதியில் விட்டுத் திரும்பினேன். கதவு திறந்தே இருந்தது. சமையலறையில் இவள், என் மனைவி, ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் சொல்லுடி, அப்பா வந்துடுவாரு."

அந்தப் பக்கம் எங்கள் மகள், குருவி. வெளியூரில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் ஃபோனை எடுத்தால் "நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு சரி. பாவம், பிள்ளைக்கு நேரமில்லை என்று நினைத்திருந்தேன். நேரம் இருக்கிறது. நான் வீட்டில் இல்லாத நேரம்.

அப்பா வந்துடுவாரு! மழை வரப்போகுது, துணியை எடு என்கிற மாதிரி.

மார்ச் 4, புதன்

கேட்டேவிட்டேன். இவள் மழுப்பவில்லை.

"அவ எது சொன்னாலும் நீங்க அதை வெண்ணெய்கிட்ட கொண்டுபோய் விட்டுடுறீங்க. போன தடவை பல்வலின்னா. பல்லுல ஆரம்பிச்சு ஆபீஸ்ல முடிச்சீங்க."

வெண்ணெய் என்பது பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் நான் வேலை கற்றுக்கொடுத்தவன். இன்று எனக்கு மேலாளர். மேலிடத்தில் அவன் உருகிய உருக்கத்துக்காக நான் வைத்த பெயர். வளர்த்த கடா. முனைவர் பட்டம் என்னுடையது, நாற்காலி அவனுடையது. இதைச் சொல்லக்கூடாதா? சொந்த வீட்டில், பெற்ற பெண்ணிடம்?

"சொல்லலாங்க. ஆறு வருஷமாவா?" என்றாள். பிறகு கோபமே இல்லாமல் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். "பக்கத்துத் தெருவுல ஒரு ஆலோசகர் இருக்காங்க. ஒரு தடவை போய்த்தான் பாருங்களேன்."

எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 10, செவ்வாய்

போனேன். இவளுக்காக.

பல் மருத்துவமனையின் மாடியில் ஒரு அறை. கீழே யாருக்கோ பல்லைக் குடைகிறார்கள், அந்தச் சத்தம் தரை வழியாக வருகிறது. ஆலோசகர் அம்மாளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெண்ணெய் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள், கொட்டாவி விடவில்லை. முடித்ததும், "சரி சார், உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"நியாயம்."

"அது என் கையில இல்ல. உங்க கையிலயும் இல்ல போலிருக்கே. வேற?"

"பொண்ணு என்கூடப் பேசணும்."

"அதுக்கு இப்ப என்ன பண்றீங்க?"

"காத்திட்டிருக்கேன்."

"அது பலிக்குதா?"

கீழே குடைந்தார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

குருவிக்கு என்மேல் மரியாதை இல்லை என்று இன்று சொன்னேன். "அதுக்கு என்ன ஆதாரம்?" என்றாள் அந்த அம்மாள். எதற்கெடுத்தாலும் ஆதாரம்! இனி அவள் பெயர் ஆதாரம் அம்மாள்தான். குருவி எனக்கு ஃபோன் செய்வதே இல்லை, அதுதான் ஆதாரம் என்றேன்.

"நீங்க ஆபீஸ்ல கலர் எப்படிப் பாப்பீங்க சார்?"

பெயிண்ட் பூசிய மாதிரித் தகடு, புதுத் தகடு இரண்டையும் வெயில், ட்யூப்லைட், மஞ்சள் பல்பு என்று எல்லா வெளிச்சத்திலும் வைத்துப் பார்ப்போம் என்றேன். ஒன்றில் ஒத்துப்போவது இன்னொன்றில் வேறாகத் தெரியும்.

"அப்ப இதை மட்டும் ஏன் ஒரே வெளிச்சத்துல பாத்து முடிவு பண்றீங்க?"

என் சாட்டையை எடுத்து என்னையே அடிக்கிறாள். எரிச்சல்தான்.

வீட்டுப்பாடமும் உண்டு. நானாகக் குருவியைக் கூப்பிட வேண்டும், வெண்ணெய் வாயில் வரக்கூடாது. என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, நடந்ததோடு ஒப்பிட வேண்டும். பரிசோதனைதானே? என் தொழில் அது.

மார்ச் 19, வியாழன்

"இந்த வீட்டுல எனக்கு மட்டும் லீவே கிடையாது" என்றாள் இவள்.

"கிடையவே கிடையாதா? அதுக்கு என்ன ஆதாரம்?" என்றேன். நல்ல எண்ணத்தில்தான்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "புருஷனைத்தான் அங்க அனுப்பினேன். வக்கீலா திருப்பி அனுப்பியிருக்காங்க."

மார்ச் 22, ஞாயிறு

என் கணிப்பு: ஐந்து நிமிடத்துக்குள் ஃபோனை வைத்துவிடுவாள்.

நடந்தது: எடுத்தவுடன் "அப்பா! என்னாச்சு? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

என் குரல் கேட்டாலே வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் என் மகளுக்குத் தோன்றுகிறது.

சும்மாதான் என்றேன். நம்பாமலே பேசினாள். மேலதிகாரிக்குத் தன்னைக் கண்டாலே பிடிக்கவில்லை என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் அப்படி நினைப்பதற்கு ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்க வாய்ப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டேன்.

"என்னப்பா இது, வாய்மொழித் தேர்வா? நான் குளிக்கப் போறேன்."

வெண்ணெய் வாயில் வரவில்லை. ஆனாலும் கணிப்பு பலித்தது. ஆதாரம் அம்மாளும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். விடு.

மார்ச் 24, செவ்வாய்

நடந்ததைக் கேட்டு ஆதாரம் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கோபமாக வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

"சார், ஆதாரம் கேக்க வேண்டியது உங்க தலைக்குள்ள ஓடுறதுகிட்ட. உங்க பொண்ணுகிட்ட இல்ல."

"அப்ப அவகிட்ட என்னத்தைக் கேக்கறது?"

"உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்க."

வழியெல்லாம் யோசித்தேன். குருவியின் அறை எந்த மாடி? யாரோடு சாப்பிடுகிறாள்? தெரியாது. வெண்ணெய் எந்தக் கடையில் சட்டை வாங்குகிறான் என்பது தெரியும்.

மார்ச் 29, ஞாயிறு

குருவியைக் கூப்பிட்டு, உன் ஆபீஸ் ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று கேட்டேன். "ஏன்பா?" தெரியாது, அதனால்தான் கேட்கிறேன் என்றேன்.

எதிரே கட்டடம் எழும்புகிறதாம். கிரேன் ஓட்டுபவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட இறங்குவதில்லை, மேலேயே டப்பாவைத் திறக்கிறாராம். குருவியும் அந்த நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுவாளாம். ஒருநாள் கை அசைத்தாராம். "எனக்குத் துணைக்கு அவருதான்பா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மேலே ஏறி உட்கார்ந்தவன் என்றதுமே நாக்கு நுனிக்கு வந்துவிட்டான் வெண்ணெய். விழுங்கினேன்.

பொறுப்பில்லாமல் ஃபோன் பேசுகிறேன், சாப்பாடு ஆறுகிறது என்று இவள் கத்தினாள். அவள் கத்தலில் இத்தனை சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

ஆய்வகத்தில் இருக்கும்போது குருவி கூப்பிட்டாள். என் எண்ணுக்கு. எடுத்ததும் அழுகை.

குழுத் தலைவர் பதவி அவளுக்கு வரவில்லை. அவள் வேலை பழக்கிய பையனுக்குப் போய்விட்டது.

பெயிண்ட் உலர்த்தும் அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வெண்ணெய் யாரிடமோ கையாட்டிப் பேசிக்கொண்டிருக்கிறான். ஆறு வருடம் சேர்த்துவைத்த அத்தனை சொல்லும் தொண்டையில் வந்து வரிசையில் நிற்கிறது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் இந்தப் பிறவியில் வாய்க்குமா?

"சொல்லு" என்றேன். சொன்னாள். மூக்கைச் சிந்தினாள், மறுபடி சொன்னாள்.

"ஏன்பா, நீங்க ஒண்ணுமே சொல்லலியே?"

"நீ இன்னும் முடிக்கலியேம்மா."

அதற்கும் அழுதாள். பிறகு, "உங்களுக்கு இப்படி ஆனப்ப என்ன பண்ணீங்க?"

"கோவமா இருந்தேன். இன்னும் இருக்கேன்."

"அதனால ஏதாவது ஆச்சா?"

"ஒரு மண்ணும் ஆகல. நான் வீட்டுல இல்லாத நேரம் பாத்து நீ அம்மாவுக்கு ஃபோன் பண்ண. அதான் ஆச்சு."

அந்தப் பக்கம் அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு. "தெரிஞ்சிடுச்சா?" என்றாள். "சாரிப்பா."

"அதை விடு. காலைலேருந்து ஏதாவது சாப்பிட்டியா இல்லையா?"

இல்லையாம். சாப்பிட்டுவிட்டு மறுபடி கூப்பிடு என்றேன். கூப்பிட்டாள்.

அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றாள், தாங்கமாட்டாளாம். தானே சொல்கிறாளாம்.

வெண்ணெய்மேல் எனக்கு இன்னமும் கோபம்தான். அது வேறு.

ஏப்ரல் 10, வெள்ளி

"குருவி குரலே சரியில்லையே. உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?" என்றாள் இவள்.

"சொன்னா."

"என்னவாம்?"

"அவளே சொல்லுவா."

இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓஹோ. அப்பாவும் பொண்ணும் எப்பலேருந்து ரகசியம் பேச ஆரம்பிச்சீங்க?"

முகம் வாடித்தான் போனது அவளுக்கு. பாவமாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை.