காதால் பழகிய வீடு

அன்புள்ள லாத்தா,

இன்று காலை அலுவலகத்தில் யாரோ ஒரு டப்பாவைத் திறந்தார்கள். நெய்யும் ஏலக்காயும் முட்டையும் சேர்ந்து வெந்த வாசம் அறை முழுக்கப் பரவியது. தம்மடை. காயல்பட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த டிரைவர் அண்ணாச்சி கொண்டுவந்தது. நான் என் துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டேன். நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய தம்மடையை நான் முதன்முதலாகத் தின்றபோது போனின் அந்தப் பக்கம் காத்திருந்தீர்கள். "நெய் கூடிட்டோ?" என்றீர்கள். வாய் நிறைய இருந்ததால் என்னால் பேச முடியவில்லை. "சரி, அந்தச் சத்தமே போதும்" என்று சிரித்தீர்கள். பதிலுக்கு நான் எங்கள் ஊர் மக்ரூன் அனுப்பினேன். நம் இருவருக்கும் இடையில் பலகாரங்கள் போய்வந்தன, நாம்தான் போய்வரவில்லை.

வெளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் தூத்துக்குடியில், நீங்கள் காயல்பட்டினத்தில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனாலும் நாம் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. கப்பலில் ஏறும் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயாரிக்கும் நம் கம்பெனி, கொரோனா காலத்தில் ஆபீசைக் காலி செய்துவிட்டுக் கம்ப்யூட்டர்களை எங்கள் வீடுகளுக்கு அனுப்பிவைத்தது. அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் நீங்கள். உங்கள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள் என்று நீங்கள்தான் சொல்லித்தந்தீர்கள். உங்கள் உம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால்தான் இந்த வேலைக்கே வந்தீர்கள்.

எனக்கோ அந்த நாட்களில் வீடு கசந்துபோயிருந்தது. ஆரம்பத்தில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. பஸ் நெரிசல் இல்லை, மத்தியானம் சூடாகச் சோறு, பள்ளிக்கூடம் திறந்தபின் நாலு மணிக்கு மகள் வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். பிறகு மெல்ல மெல்ல ஊரே என் வீட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாள். யாருக்கு கேஸ் சிலிண்டர் வந்தாலும் நான்தான் இறக்கி வைக்கவேண்டும். "வீட்டுலதான இருக்க, ரேஷன் கடையில போய்க் கொஞ்சம் நில்லு" என்பாள் நாத்தனார். என் வீட்டுக்காரர் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலை பார்க்கிறவர். போனால் எப்போது திரும்புவார் என்று காற்றுக்குத்தான் தெரியும். மகள் பள்ளிக்கூடம் போனபின் பேச ஆளில்லை. ஆனால் நிம்மதியாக உட்காரவும் முடியாது.

கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கத்தான் முதலில் நாம் போனில் பேச ஆரம்பித்தோம். நான் வாசிப்பேன், நீங்கள் திரையில் பார்த்துச் சரி சொல்வீர்கள். ஒரு இலக்கம் பிசகினாலும் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும். ஒருநாள் வாசித்து முடித்துவிட்டு, "வச்சிரட்டுமா லாத்தா?" என்று கேட்டேன். "வைக்காத புள்ள. பேசாட்டாலும் பரவாயில்ல, அப்படியே கெடக்கட்டும்" என்றீர்கள்.

அன்றிலிருந்து நம் வேலைநேரம் முழுக்க அந்த அழைப்பு திறந்தே கிடந்தது. உங்கள் போன் உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரில் இருக்கும். பாதி நேரம் நாம் பேசுவதே இல்லை. உங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் பாங்கு எனக்குக் கேட்கும்; "தொழுதுட்டு வாரேன்" என்று எழுந்து போவீர்கள். எங்கள் மாதா கோவில் மணி உங்களுக்குக் கேட்கும், "பன்னெண்டாச்சு, சோத்த வடிச்சியா?" என்பீர்கள். துபாயிலிருந்து, நீங்கள் மச்சான் என்கிற உங்கள் வீட்டுக்காரர் இன்னொரு போனில் கூப்பிட்டால் உங்கள் குரல் தாழ்ந்துபோகும். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவேன். நாத்தனார் என் வாசலில் வந்து கூப்பிட்டால், "வேலையில இருக்கேன்னு சொல்லுளா. உரக்கச் சொல்லு!" என்று நீங்கள் காதுக்குள் அதட்டுவீர்கள். ஒருநாள் சொல்லியே விட்டேன். நாத்தனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வாரம் முழுக்க நாம் இருவரும் எத்தனை சந்தோஷமாக இருந்தோம்!

நேரில் சந்திக்க எத்தனையோ முறை திட்டம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் உம்மாவுக்கு உடம்பு சரியிருக்காது; இல்லையென்றால் என் மகளுக்குக் காய்ச்சல். "எங்க போயிரப் போறோம், அடுத்த மாசம் பாப்போம்" என்பீர்கள்.

பிறகுதான் அந்த உத்தரவு வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் புது ஆபீஸ் பிடித்துவிட்டார்கள், எல்லோரும் வந்தாக வேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்குப் பாதி வருத்தம், பாதி சந்தோஷம். நீங்கள் மட்டும் மறுத்துவிட்டீர்கள். "உம்மாவ யாருகிட்ட விட்டுட்டு வர? நான் வேலைய விட்டு நின்னுக்கிடுதேன். நீ போ புள்ள, உனக்கு நாலு பேரப் பாத்தாத்தான் நல்லது" என்றீர்கள்.

அன்று மத்தியானமே நான் மேனேஜரைப் பார்க்கப் போனேன். உங்களிடம் சொல்லவில்லை.

"கையெழுத்து, முத்திரை, சுங்க ஆபீஸ் அலைச்சல் எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன் சார். தினமும் வாரேன். அவங்க மட்டும் வீட்டுல இருக்கட்டும்" என்றேன்.

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களேம்மா."

"கேக்கட்டும் சார். கேக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும்ல? அதையும் கேளுங்க."

எனக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்ப்போம் என்றார். வேலை தடைபடாதவரைக்கும் நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று சாயங்காலம் தகவல் வந்தது.

செய்தி தெரிந்ததும் நீங்கள் என்னைத் திட்டினீர்கள். "ஏளா, உன் மக நாலு மணிக்கு வந்து யாரக் கட்டிப் பிடிப்பா?" உண்மைதான். மகளுக்கு ஒரு சாவி செய்துகொடுத்தேன். முதல் நாள் அவள் வீட்டைத் திறந்து உள்ளே போய் எனக்குப் போன் செய்தபோது குரலில் அழுகை முட்டியது. உங்களுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளிலிருந்து நாலு மணிக்கு நீங்களே அவளைக் கூப்பிட்டீர்கள். நான் போய்ச் சேரும்வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். அவளுக்கு ஆங்கிலச் சொற்களுக்கு எழுத்துக்கூட்டப் பழக்கினீர்கள். என்னைவிட அவளிடம்தான் கடைசியில் நீங்கள் அதிகம் பேசினீர்கள்.

ஒருநாள் காலையில் உங்கள் அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டபோது உங்கள் தம்பி எடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்றீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் பஸ் பிடித்து வருவதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

குறுகலான சந்துக்குள் இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்கள். வழி கேட்டுக் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலைத் தாண்டி உள்ளே வைத்த முதல் அடியிலேயே நின்றுவிட்டேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கிரீச்சிடும் கதவு இது. இந்தப் பக்கம்தான் குழாய். வாளி நிறைந்தால் தண்ணீர் சத்தம் மாறும். அதோ, சுற்றும்போது டக் டக்கென்று அடிக்கும் மின்விசிறி. பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. ஆனால் உங்கள் உம்மாவின் அறை எது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உம்மாவின் கண்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன. என்ன சொல்வதென்று தெரியாமல், "உம்மா, நான் தூத்துக்குடியில இருந்து வாரேன்" என்றேன்.

அவர்கள் முகம் மெதுவாகத் திரும்பியது. இன்னும் அசைக்க முடிந்த ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். திக்கித் திக்கித்தான் பேச்சு வந்தது.

"பெட்டி நம்பர் வாசிக்கிற புள்ளதான நீ?"

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாத. பேசு" என்றார்கள்.

அழுதுகொண்டே பேசினேன் லாத்தா. மகள் வருவதாக அடம்பிடித்ததை, வந்த பஸ்ஸை, ஆத்தூர்ப் பாலத்துக்குக் கீழே ஆற்றுத் தண்ணீர் நிறைந்து ஓடியதை, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உம்மா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிடித்த கையை விடவேயில்லை. இப்போது உங்கள் தம்பி மனைவி அங்கேயே வந்து தங்கி அவர்களை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்.

உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. நான் ஆபீசில்தான் இருக்கிறேன். போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பெண், வங்கியில் வேலை பார்ப்பவள், ஒரு பில் விஷயமாகப் பேசினாள். வீட்டிலிருந்து பேசுகிறாள் என்பது குரல் எதிரொலித்ததிலேயே தெரிந்தது. பின்னால் குழந்தை அழுதது. "சாரி மேடம், சாரி மேடம்" என்று பதறினாள். அவளுடைய மேலதிகாரிகள் அவளை எத்தனை முறை அதற்காகக் கடிந்திருப்பார்களோ.

"என்ன சாரி? போய்ப் புள்ளையத் தூக்குங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

அவள் போனாள். முகம் தெரியாத ஒரு வீட்டில் ஒரு தொட்டில் கம்பி அசைவதும், அழுகை விம்மலாகிப் பிறகு மூச்சாகித் தணிவதும் கேட்டன. என் மேசையில் பார்க்கவேண்டிய காகிதங்கள் குவிந்து கிடந்தன. நான் எதையும் தொடவில்லை. அந்தப் பிள்ளை நன்றாகத் தூங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.