எத்திராஜ் கேட்ட மெல்லிய தகடு

ஆவடி,
24.9.1991, செவ்வாய்

என் கண்ணான வரலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்பும் உயிருமாக இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே ஜபல்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாங்காட்டு அம்மனிடம் போய் நின்றுவிட்டு வந்தேன். குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய், சும்மா பிஸ்கட்டைக் கொடுத்துப் பழக்காதே, எதிர் குவார்ட்டர்ஸ்காரர் அங்கே டிரெயினிங்குக்கு வருகிறார், அவரிடம் கேழ்வரகு மாவு அரைத்துக் கொடுத்தனுப்புகிறேன், கட்டி தட்டாமல் காய்ச்சிக் கொடு. இங்கே குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் அதன் இஷ்டம். வரும் ஐப்பசியில் உன் தம்பி எத்திராஜுக்குத் தலைத்திவசம், இதை எழுத உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் காரை நைனா விற்றுவிட்டாரா என்று கேட்டிருந்தாய். நீ கல்யாணமாகிப் போன பிறகுதானே அப்பனும் பிள்ளையும் அதில் இறங்கினார்கள், உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். பூந்தமல்லி காயலாங்கடையில் கிடந்த ஒரு பழைய காரை எத்திராஜ் பிடித்து வந்தான், எஞ்சின் நன்றாக இருந்தது, உடம்பெல்லாம் துரு. பாடியை நாமே கட்டிக்கலாம் என்றான், வீட்டுப் பக்கத்து ஷெட்டில் வைத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். உன் நைனா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டாங்கிக்கு வெல்டு அடிக்கிறவர் ஆயிற்றே, கனமான பிளேட்டு என்றால்தான் அவருக்கு அது இரும்பு, மற்றதெல்லாம் காகிதம். தரை, கதவு, முன்பக்கம் எல்லாவற்றையும் கனத்த பிளேட்டிலேயே அடித்து முடித்துவிட்டார். இன்னா நைனா, காரு செய்றியா டாங்கி செய்றியா, மேல ஒரு பீரங்கியும் வெச்சுடு என்று இவன் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பான். ஓட்டிப் பார்த்தபோது ரயில்வே கேட்டு மேட்டில் ஏற மாட்டாமல் நின்றுவிட்டது, ரோட்டில் போனவர்கள்தான் தள்ளிவிட்டார்கள். எல்லாத்தையும் பிரிச்சு மெல்லிசு தகட்டுல போட்டுடலாம் நைனா, எஞ்சின் பாவம் என்று எவ்வளவோ கெஞ்சினான். லாரிக்காரன் ஒரசினாலே அப்பளமாட்டம் நொறுங்கிடும், எம் புள்ள அதுல போவக் கூடாது என்று இவர் பிடித்த பிடியை விடவில்லை. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த சமயத்தில்தான் அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது, ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

நீ காரியம் முடிந்து ரயிலேறியதும் ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் பரண்மேல் எறிந்துவிட்டார். பொங்கல் கழிந்து ஒரு நாள் ஷெட்டிலிருந்து இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது, ஓடிப் போய்ப் பார்த்தால் தானே அடித்த கதவைத் தானே அறுத்துக்கொண்டிருக்கிறார். எடைக்குப் போடத்தான் அறுக்கிறார் என்று எனக்கு வந்ததே ஆத்திரம், பிள்ளை கை பட்டதை அறுக்கிறீர்களே, உங்களுக்கு மனசு இருக்கிறதா இல்லையா என்று வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். அவர் பாட்டுக்கு அறுத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போய் மெல்லிய தகடு வாங்கி வந்து இறக்கியபோதுதான் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து ஷிப்டு முடிந்ததும் ஷெட்டுதான், சோற்றைத் தட்டில் போட்டு அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டும், அதுவும் பாதி அப்படியே திரும்பி வரும். டாங்கிக்கு அடித்துப் பழகிய கைக்கு அந்தத் தகடு அடங்கவில்லை, நெருப்பை வைத்ததும் ஓட்டை ஓட்டையாகப் பொத்துக்கொண்டு போயிற்று, அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. பாக்டரியில் அவர் வெல்டைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், இங்கே புதிதாகச் சேர்ந்தவரைப் போலத் துண்டுத் தகட்டில் அடித்து அடித்துப் பழகினார். மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார், பிள்ளைக்குப் பின்னால் இவரும் போய்விடுவாரோ என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுத்தார்கள். உன் நைனாவுக்கு ஓட்டத் தெரியாது, அதற்குத்தான் பிள்ளை இருந்தானே. பாக்டரி பஸ் ஓட்டுகிற சுலைமான் வந்து ஓட்டினார், நைனா அவர் பக்கத்தில், நான் பின்னால். அந்த ரயில்வே கேட்டு மேட்டில் வண்டி ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறிவிட்டது. சுலைமான் சிரித்துக்கொண்டே, அண்ணாத்தே, சும்மா பட்டு மாதிரி போவுதே என்றார். உன் நைனா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் அப்படியே குந்திவிட்டார். கொள்ளிச் சட்டி தூக்கியபோதுகூட அழாதவர், போகிறவர் வருகிறவர் நின்று பார்க்கும்படி அழுதார். ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்பவாவது நீ சொன்னதுதான்டா சரின்னு அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா நாகு, பாவி, அப்பவும் சொல்லலியே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் என்ன சொல்வேன், பெற்ற வயிறு எனக்கும்தானே எரிகிறது. கனமோ லேசோ, அதனாலா அவன் உயிர் போயிற்று, அவன் நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்று சமாதானம் சொன்னேன். சுலைமானும் அதையேதான் சொன்னார். அவ்வளவுதான், அழுகையை விழுங்கிக்கொண்டு எழுந்துவிட்டார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவே இல்லை. இரண்டு நாளாக யோசித்துத்தான் எனக்குப் புரிந்தது வரலட்சுமி, எல்லோரும் அவரைத்தான் நல்லவராக்குகிறோம், பிள்ளை பக்கம் பேச ஓர் ஆள் இல்லை.

திவசத்துக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டாலும் நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, டிக்கெட்டை இப்போதே ரிசர்வ் பண்ணிவிடு, தீபாவளிக் கூட்டம் சேர்ந்துவிடும். உன் தாலியும் குழந்தையும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நைனா உன்னிடம் அந்தப் பேச்சை எடுப்பார், எடுத்தால் என்னைப் போலத் தேற்றாதே. ஆமாம் நைனா, தம்பி சொன்னதுதான் சரி, நீதான் கேக்கல என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடு. அழுதால் அழட்டும். அவன் இடத்தில் நின்று சொல்ல அவருக்கு நீ ஒருத்திதான் மிச்சம்.

இப்படிக்கு
உன் அம்மா,
ப. நாகவல்லி