இன்ஸ்பெக்டர் வாத்தின் மேல் ஒரு புகார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா சொல்ல, உன் தம்பி எழுதுவது. நீ அங்கே நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் அம்மாவுக்கு இதற்குள் கனவு வந்திருக்கும். இங்கே எல்லோரும் சுகம், ஒரு கட்டைவிரலைத் தவிர. இதனால் குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், நீ வளர்த்துவிட்டுப் போன ஆண் வாத்தாகிய இன்ஸ்பெக்டர், பட்டறையில் பணியிலிருந்த அப்பாவின் வலது கைக் கட்டைவிரலைப் பிடித்து, சிறிது நேரம் காவலில் வைத்திருந்து, எச்சரித்து விடுவித்தார். கடிபட்ட கையால் கடிதம் எழுத முடியாது என்பதால் பேனா என்னிடம் வந்துவிட்டது. நடுநடுவே நானும் பேசுவேன், பொறுத்துக்கொள் அக்கா.

அப்பா முதலில் எழுதச் சொன்னது ஒரே விஷயம்தான். உன் கூஸ் வாத்து இரண்டையும் ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடப் போகிறோம், நீ மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று. அப்பா மேல் தப்பு சொல்ல முடியாது. சோபா தைக்கக் கொண்டுவருகிறவர்கள் முற்றத்தைத் தாண்டித்தான் பட்டறைக்கு வர வேண்டும், முற்றமோ இன்ஸ்பெக்டரின் எல்லைக்குள் வருகிறது. ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்குகிற பல் டாக்டரம்மாவே ஒற்றைச் செருப்போடு ஓடினார். ஓடியதுதான் அவர் செய்த பிழை, ஓடுகிறவரைக் கண்டால் வாத்துக்கு வீரம் இரண்டு மடங்காகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால் உன் பெண் வாத்து சீமாட்டி முட்டையிட்டு அடைகாப்பதே அந்த டாக்டரம்மாவின் சோபாவில்தான். அப்பா துணியை உரித்துவிட்டு வைத்திருந்தார், அது உள்ளே புகுந்து ஸ்பாஞ்சைப் பிய்த்து மெத்தை போட்டு, தன் நெஞ்சுத் தூவியையும் பிடுங்கிப் பரப்பி உட்கார்ந்துவிட்டது. நம் பட்டறையில் சொன்ன தேதிக்கு முடிந்த ஒரே வேலை அதுதான் என்று சொன்னேன், அப்பா சிரிக்கவில்லை.

அடைகாக்கும் காலத்தில் ஆண் வாத்து முறைக்கத்தான் செய்யும், குஞ்சு பொரிந்தால் தணிந்துவிடும் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். ஆனால் அம்மா சோபாவுக்குப் பக்கத்திலேயே போய்த் தண்ணீர் வைத்தாலும் இன்ஸ்பெக்டர் முணுமுணுத்துவிட்டு வழிவிடும். அப்பா பட்டறையின் மறு மூலையில் நின்றாலும் பாய்ந்து வரும். அப்பாவுக்கு விரலைவிட மனசுதான் வலித்தது. "தவிடு வாங்கிப் போடறது நான், கடி வாங்கறதும் நானாடா?" என்று என்னிடம் கேட்டார். கோபத்தில் அதைக் குளியலறையில் போட்டுப் பூட்டினார். அது உள்ளேயிருந்து கத்த, சீமாட்டி முட்டையை விட்டு இறங்கி வந்து கதவுக்கு வெளியே நின்று பதிலுக்குக் கத்த, கொஞ்ச நேரத்தில் அம்மா முட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு இறங்குது என்று கதவைத் திறந்துவிட்டாள். ஜோடியைப் பிரித்தால் இரண்டுமே உருக்குலைந்துபோகும், இது நீ முன்பே சொன்னதுதான். அப்புறம்தான் அப்பா பண்ணைக்காரருக்கு போன் போட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, ரெண்டும் எத்தனை கிலோ தேறும் என்பது. அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் உன் தம்பி களத்தில் இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை பண்ணை வண்டி வருவதற்குள் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டு, அப்பாவை வழக்கம்போல வேலை செய்யச் சொல்லிவிட்டு ஜன்னலில் நின்று கவனித்தேன். அப்பா குனிகிறார், இரும்பு டேப்பை இழுத்துக் கையை முன்னால் நீட்டி அளக்கிறார், பொத்தானை அமுக்குகிறார், டேப் ஸ்ஸ்ஸ் என்று உள்ளே ஓடுகிறது. சண்டைக்கு வரும் வாத்து என்ன செய்யும்? தலையைத் தாழ்த்தும், கழுத்தை முன்னால் நீட்டும், ஸ்ஸ்ஸ் என்று சீறும். அப்பா நாள் முழுக்க, அதுவும் அதன் பெண்டாட்டி அடைகாக்கும் இடத்திலேயே, வாடா ஒரு கை பார்க்கலாம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவர், ஒரு வாத்தின் அளவை எடுக்காமல் விட்டுவிட்டார். அம்மாவின் துணி டேப்பைக் கொடுத்து, நிமிர்ந்து நில்லுங்கள், முகத்துக்கு நேரே முறைக்காதீர்கள், வந்தால் ஓடாமல் பக்கவாட்டில் மெல்ல நகருங்கள் என்று இந்த வாத்து வாத்தியார் பாடம் எடுத்தான். இன்ஸ்பெக்டர் வந்தது, பார்த்தது, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அப்பா பண்ணைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குஞ்சு பொரியும்வரை சோபா கிடைக்காது என்றதற்கு டாக்டரம்மா, குஞ்சைக் காட்டினால் போதும் என்றாராம். என் பையன் மூளைக்காரன் என்று அப்பா அவரிடம் என் காதுபடவே சொன்னார்.

உனக்கு அப்பா சொல்லச் சொன்னது: வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, அறைச் சாவியில் ஒன்றைத் தோழியிடம் கொடுத்து வை, முதுகு வலிக்கிறது என்றாயே, அந்த நாற்காலியை மாற்று, படம் எடுத்து அனுப்பினால் என்ன கோளாறு என்று அவரே சொல்வாராம். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடிய வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. பதில் போட மறக்காதே.

இப்படிக்கு,
இடது கையால் ஒப்பமிடும் உன் அப்பா

அக்கா, அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார், இனி வருவது அவர் சொன்னதல்ல. டேப்தான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஜன்னலே தேவைப்படவில்லை. பொழுது போகாத சாயங்காலங்களில் அந்த டேப்பை இன்ஸ்பெக்டரின் அலகுக்கு முன்னால் நீட்டி ஸ்ஸ்ஸ் என்று விட்டுவிட்டு, அது துரத்தத் துரத்தச் சுவரேறிக் குதித்துக்கொண்டிருந்தவன் நான்தான். டேப்பைக் கண்டால் பாயக் கற்றுக்கொடுத்தது நான், விரலைக் கொடுத்தது அப்பா. எத்தனை கிலோ என்று அந்த ஆள் கேட்ட பிறகுதான் ஓடிப்போய் அப்பாவிடம் வாய்ப்புக் கேட்டேன். அப்பா மூளைக்காரன் என்று சொன்ன பிறகு நேரில் சொல்ல வாய் வரவில்லை. உறையை ஒட்டப்போவது அம்மா. ஒட்டுவதற்கு முன் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் ஒட்டுவாள். அதனால்தான் இங்கே எழுதினேன், அப்பாவிடம் அவளே சொல்லிக்கொள்ளட்டும்.