இரண்டு அறைகளில் போட்ட கணக்கு

அன்புள்ள பேராசிரியருக்கு,

சனிக்கிழமை சந்தையில் ஓர் ஐரோப்பியர் கடையின் முன்னால் நின்றுவிட்டேன். உப்புநீரில் வெள்ளரிக்காய் ஊறும் பீப்பாயிலிருந்து சதகுப்பை மணம் வந்தது. எங்கள் ஊரில் அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்தின் மணம். மெல்பேர்னில் அது உங்கள் அறையின் மணம்: சன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிப் போத்தல், அதன் பச்சை நீருக்குள்ளாக வரும் பிற்பகல் வெயில், கரும்பலகை முழுக்க உங்கள் எழுத்து. நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது.

உலகப் போருக்குப் பிறகு அகதியாகக் கப்பலில் வந்த போலந்துக்காரர் நீங்கள். பௌதிகவியலில் கலாநிதிப் பட்டத்தோடு வந்து, அகதிகளோடு அரசு போட்ட ஒப்பந்தப்படி இரண்டு வருடம் தண்டவாளக் கட்டை சுமந்தவர். நான் கொழும்பில் கணிதம் படித்து, கணவரின் வேலைக்காக இங்கு வந்து, உங்கள் துறையில் கணக்குச் சரிபார்க்கும் உதவியாளராகச் சேர்ந்தவள். முதல் நாள் தலை தாழ்த்தி "பானி" என்றீர்கள். உங்கள் மொழியில் அது அம்மணி. கடைசிவரை அப்படித்தான் அழைத்தீர்கள்.

நமக்கு ஒரு நடைமுறை இருந்தது. ஒரே கணக்கை நீங்கள் உங்கள் அறையிலும் நான் என் அறையிலும் தனித்தனியே போடுவோம். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமைத் தேநீரின்போது இரண்டு தாள்களையும் அருகருகே வைப்போம். "நான் கெட்டிக்காரன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பானி. தாளை நம்புங்கள்" என்பீர்கள். எதையும் எளிதில் நம்பாத எனக்கு அது பிடித்திருந்தது.

ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள், ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து நெருங்கி வருவதைப் பற்றியது அந்தக் கணக்கு. சொல்லும்போது உங்கள் இரு கைகளும் காற்றில் ஒன்றையொன்று சுற்றும். தூரத்தில் டிராம் மணி கேட்கும். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது சற்று நேரம் நம் இருவருக்கும் மறந்துபோகும்.

ஒரு வியாழக்கிழமை என் மகளுக்குக் காய்ச்சல். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் விரிவுரைக்குப் போயிருந்தீர்கள். உங்கள் தாள் மேசையில் திறந்து கிடந்தது. இரண்டு நாளாக எனக்கு வராமல் இழுத்தடித்த ஒரே ஒரு வரியைப் பார்த்து எழுதிக்கொண்டேன். மறுநாள் இரு விடைகளும் ஒன்றாக இருந்தன. நீங்கள் போத்தலைத் திறந்து எனக்கொரு துண்டு வெள்ளரிக்காய் வெட்டித் தந்தீர்கள்.

அந்த விடையை வைத்து நீங்கள் எழுதிய கட்டுரைதான் உங்களை உலகுக்குத் தெரியவைத்தது. எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன. பிறகு வார்சாவிலிருந்து ஒன்று: பதக்கம் தருகிறோம், வந்து உரையாற்றுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நீங்கள் காணாத ஊர். அன்று சமன்பாடுகளை அழித்துவிட்டுக் கரும்பலகையில் தெருக்களை வரைந்தீர்கள். இது ஆறு, இது அம்மா இருந்த வீடு, இது ரொட்டிக் கடை. "எல்லாம் இடிந்து, திரும்பக் கட்டியதாம். அந்தக் கடையைக் கட்டியிருப்பார்களா?" என்று என்னைக் கேட்டீர்கள், எனக்குத் தெரியும் என்பதுபோல.

அந்த உரைக்காகக் கணக்கை முதலிலிருந்து போட்டேன். நான் பார்த்து எழுதிய அதே வரியில் இரண்டால் பெருக்கியிருக்க வேண்டும், பெருக்கவில்லை. உலகம் மெச்சிய நம் விடை சரியான விடையில் பாதிதான்.

வீட்டில் கணவர் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"கணக்குப் பிழைச்சுப் போச்சு."

"ஆர், உம்மட போலந்துக்காரரோ பிழை விட்டவர்?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்ப விடுமன். நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து விட்ட பிழையை வேற ஆர் கண்டுபிடிக்கப் போறான்? பாவம், மனுசன் ஒருக்கா ஊரைப் பாத்திட்டு வரட்டும்."

அவர் சொன்னதைச் செய்ய எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மறுநாள் தாளை உங்கள் முன் வைத்தேன். நெடுநேரம் பார்த்தீர்கள். பழைய தாள்கள் இரண்டையும் எடுத்து அருகருகே வைத்தீர்கள்.

"தனித்தனியாகத்தானே போட்டோம். இருவருக்கும் எப்படி ஒரே இடத்தில் தவறியது?"

நான் சன்னலைப் பார்த்தேன்.

"களைப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும் போலிருக்கிறது, பானி" என்று நீங்களே பதில் சொல்லிக்கொண்டு பேனாவை எடுத்தீர்கள். ஒரு கடிதம் ஆய்விதழுக்கு, ஒன்று வார்சாவுக்கு.

வார்சாவிலிருந்து மரியாதையான பதில் வந்தது. திருத்தத்தை ஆராய்ந்த பிறகு முடிவு சொல்வார்களாம். அவர்கள் ஆராய்ந்து முடிப்பதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

இதழில் வந்த திருத்தம் நான்கே வரி. கடைசி வரியில், பிழையைக் கண்டுபிடித்தவர் என்று என் பெயரும், என் கூர்மைக்கு உங்கள் நன்றியும். அந்த வரியைக் காட்டித்தான் துறையில் எனக்கு நிரந்தர வேலை தந்தார்கள். இப்போது இளம் ஆய்வாளர்கள் தங்கள் கணக்கோடு என் கதவைத் தட்டுகிறார்கள். நான் சரி என்றால் சரியாம்.

உங்களிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் இருந்தது. சொல்லவில்லை. அன்று தாள்களை அருகருகே வைத்தபோதே நீங்கள் புரிந்துகொண்டுவிட்டீர்கள் என்று நினைக்க விரும்புகிறேன். விரும்புகிறேன் என்பதாலேயே அதை நம்ப முடியவில்லை. நீங்கள் எழுதிய அந்த நன்றியை என்ன செய்வதென்று இன்றுவரை தெரியாமல், அதோடுதான் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன்.